அரைஞாண் கட்டிய ஏழு

23 ஏப்ரல் 1957, செவ்வாய்

மீன்காரி பூவாயி வாசலில் கூடையை இறக்கினாள். நான் கொடுத்த புதுக் காசைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, சட்டைப் பித்தான் கணக்கா கீது? அணாவாக் குடு" என்றாள். அணாவுக்கு ஆறே கால் நயா பைசா என்று பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிறேன். அந்தக் கால் பைசாவை யார் வெட்டித் தருவது? என் பங்கிலிருந்து நாலு காரப்பொடி மீனை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

புதுக் காசு வந்த அன்றுதான் இவரும் படுத்தார். ஏப்ரல் முதல் தேதி, திங்கட்கிழமை. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது. டாக்டர் தெய்வசிகாமணி முதுகில் ஊசி குத்தி நீரை எடுத்துவிட்டுச் சொன்னார்: "ஆறு மாசம் படுக்கையில கெடக்கணும். நடுவுல எழுந்து வேலைக்குப் போனா, அப்பறம் எங்கிட்ட வராதீங்க." பால், தினம் ஒரு முட்டை, வாரம் இரண்டு ஊசி. ஆபீசில் லீவுக்கு அரைச் சம்பளம் உண்டு, ஐம்பத்தைந்து ரூபாய். என் சம்பளம் அறுபத்திரண்டு. இரண்டும் சேர்ந்தால் இவரும் நானும் எங்கள் பெண் அஞ்சலையும் மூச்சு விடலாம். மே முதல் வாரம் வரும் என்கிறார். வரட்டும்.

படுத்தே கிடந்தால் பைத்தியம் பிடிக்கிறதாம். வீட்டுக் கணக்கு நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன். பிரெஞ்சுக்காரன் பீரோவில், ஆபீசை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், பத்து வருஷம் பேரேடு எழுதிய மனுஷன். இப்போது கரியும் கத்தரிக்காயும் எழுதட்டும். பகலில் வாசலுக்கு வருவதை அவரே வாங்கிக்கொள்வார், ராத்திரி நான் வாங்கி வந்ததைச் சொன்னால் எழுதிக்கொள்வார்.

29 ஏப்ரல், திங்கள்

ஏழு முட்டை! ஒரே நாளில்!

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நோட்டைப் பிரித்தேன். "சனி - முட்டை 7." முட்டைக்காரி வீராயிக்கு வாரக் கடைசியில் மொத்தமாகக் காசு என்பதால் விலை எழுதவில்லை. எனக்குக் கண் இருட்டிவிட்டது. காலையில் நீராகாரம் குடித்துவிட்டு நாற்பது பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிறேன், இங்கே ஏழு முட்டை! மேலே கீழே ஒன்றும் பார்க்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"உக்காந்து தின்னா மலையும் கரையும்பாங்க. நீங்க படுத்துக்கிட்டே தின்றீங்க!"

அவர் என்னைப் பார்த்தார். நோட்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தாலாவது தேவலை.

30 ஏப்ரல், செவ்வாய்

அஞ்சலை சொல்கிறாள்: "அம்மா, அது ஏழு இல்ல, ஒண்ணு. அப்பா ஒண்ணுக்கு மூக்கு வெப்பாரு. ஏழுக்கு இடுப்புல அரைஞாண் கட்டுவாரு. பாரு." எட்டு வயசுக் குட்டிக்குத் தெரிகிறது. நோட்டைப் பார்த்தேன். ஆமாம். தினமும் முட்டை ஒன்றுதான். வாத்தியாரம்மாவாம் நான்!

ஆனால் எனக்கு எப்படித் தெரியும்? நான் கடலூரில் பிறந்தவள். இங்கிலீஷ்காரன் ஒன்று வெறும் கோடு, ஏழுக்குக் குறுக்குக் கோடு கிடையாது. பத்து வருஷக் குடித்தனத்தில் வீட்டுக் கணக்கு எழுதியது நான். இவர் போடும் கையெழுத்தைத் தவிர இவர் எழுதிய எண்ணை நான் எங்கே கண்டேன்?

இன்றைக்கு அவித்து வைத்த முட்டையை இவர் அஞ்சலை தட்டுக்கு நகர்த்திவிட்டார். "தெரியாம சொல்லிட்டேன்" என்று ஒரு வாக்கியம். அது என் வாயில் வரமாட்டேன் என்கிறது.

3 மே, வெள்ளி

பணம் வரவில்லை. பியூன் முருகையன் வந்து, "சாருக்கு ஏதோ சிக்கல், பட்டுவாடா லிஸ்ட்டுல பேரு இல்ல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துப் போனான். என்ன சிக்கல் என்று அவனுக்குத் தெரியாது. வாடகை பதினைந்து, பால் எட்டு, ஊசிக்குப் பன்னிரண்டு. மீதியில் மாசத்தை ஓட்ட வேண்டும்.

14 மே, செவ்வாய்

ஆபீசிலிருந்து கடிதம். இங்கிலீஷில். இவருக்குப் பிரெஞ்சுதான் தெரியும், அகராதியை வைத்துக்கொண்டு நான்தான் படித்தேன். ஏப்ரல் ஒன்று முதல் ஆறு வரை ஆறு நாள் அனுமதியில்லாமல் வரவில்லையாம். அதனால் சர்வீஸ் முறிந்ததாம். விளக்கம் வந்து தீரும்வரை சம்பளம் கிடையாதாம்.

"மொதல் தேதியே முருகையன் கையில டாக்டர் சீட்டைக் குடுத்தனுப்பினேனே!" என்றார்.

"குடுத்தீங்களா, இல்ல மறந்துட்டுத் தலைமாட்டுல வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன்? என் நாக்கில் சனி உட்கார்ந்திருக்கிறான்.

இருமல் அடங்கியதும் எழுந்து உட்கார்ந்து விளக்கம் எழுதினார். பிரெஞ்சில், ஒரு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். வெள்ளைக்காரன் கொடியை இறக்கி இரண்டரை வருஷம் ஆகிறது. தமிழில் எழுதுங்கள் என்றால், "பீரோவுக்கு எழுதுறப்ப அப்டித்தான் எழுதணும்" என்கிறார். சரி சாமி, எழுதுங்கள்.

18 மே, சனி

அவர் சைக்கிளை விற்றேன். நாற்பத்தைந்து ரூபாய். "வித்துடு" என்று அவரே சொன்னார். சைக்கிள் தெருமுனை திரும்புகிறவரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

24 மே, வெள்ளி

பதில் வந்துவிட்டது. நாசமாய்ப் போக. "தங்கள் விளக்கத்தில் தாங்களே ஒப்புக்கொண்டபடி லீவு ஏழாம் தேதி முதல்தான்" என்று எழுதியிருக்கிறான்.

இவர் எங்கே ஒப்புக்கொண்டார்? "நான் அப்டி எழுதலடி, சத்தியமா எழுதல" என்கிறார். முகம் வெளுத்துவிட்டது. யாரோ வேண்டுமென்றே குழி பறிக்கிறார்கள் என்கிறார். மதராஸ் பக்கத்திலிருந்து வந்த புது ஆட்களுக்குப் பழைய ஆட்களைக் கண்டால் ஆகாது என்கிறார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. எல்லார் மேலும் படுகிறேன்.

28 மே, செவ்வாய்

கடைக்குப் போய்த் திரும்பினால் படுக்கை காலி. சவரம் செய்து, சட்டை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டிருக்கிறார். "வேலையில சேந்துட்டா சம்பளம் குடுத்துத்தானே ஆவணும்" என்று அஞ்சலையிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஓடினேன். இரண்டாவது தெருமுனையில் ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்குகிறது, பேச முடியவில்லை. ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

"நான் படுத்துத் திங்க மாட்டேன் ரஞ்சிதம்" என்றார்.

ஒரு மாசமாக அதை நெஞ்சில் வைத்திருந்திருக்கிறார். அடுக்களையில் போய் அழுதேன். பாவி, பாவி. அந்த நீர் கோத்த நெஞ்சில் என் சொல்லையும் சேர்த்துக் கோத்துவிட்டேனே. மறுபடியும் இப்படிக் கிளம்பினால் ஆளே மிஞ்ச மாட்டார். பணம் வந்தால்தான் படுப்பார். நாளைக்கு நானே ஆபீசுக்குப் போகிறேன்.

29 மே, புதன்

இதை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். லீவு பார்க்கிற குமாஸ்தா சக்கரபாணி, சின்ன வயசு, கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க்காரர். பேச்சைக் கேட்டதுமே நம் பக்கத்து ஆள் என்று தெரிந்தது. ஃபைலை என் முன்னால் பிரித்தார்.

"பாருங்கம்மா. இது டாக்டர் சீட்டு. ஏழு நாலு அம்பத்தேழு. இது உங்க வீட்டுக்காரரு விளக்கம். அதுலயும் ஏழு நாலு அம்பத்தேழு. நான் இன்னா பண்றது?"

குனிந்து பார்த்தேன். ஏழு. அப்பட்டமான ஏழு. முட்டை ஏழு!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஆபீசில், அத்தனை பேர் நடுவில், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிறது. அவர் பயந்துவிட்டார். "சார், இது ஏழு இல்ல, ஒண்ணு. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து ஒண்ணு. மூக்கு நீளம். கடைசியில அம்பத்தேழுல இருக்குற ஏழைப் பாருங்க, இடுப்புல அரைஞாண் கட்டியிருக்கு. மொதல்ல இருக்குறதுக்குக் கட்டல."

உற்றுப் பார்த்தார். "அது பேனா தவறி விழுந்த கோடுன்னு நெனச்சேம்மா" என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "நீங்க சொல்றது எனக்குப் புரியுது. மேல இருக்குறவரு மதராஸ்காரரு, வாய்ச் சொல்லுக்கு அசைய மாட்டாரு. டாக்டர்கிட்ட எழுத்துல எழுதி வாங்கியாங்க."

டாக்டர் தன் மகள் வீட்டுக்குக் காரைக்கால் போயிருக்கிறார், திரும்பி வரப் பதினைந்து நாள் ஆகுமாம். பதினைந்து நாள் இவரைப் படுக்கையில் எப்படிக் கட்டிப்போடுவது?

30 மே, வியாழன்

இவர் போடும் ஒன்றைக் காட்டக் கணக்கு நோட்டை ஆபீசுக்குக் கொண்டுபோனேன். வேறு வழி தோன்றவில்லை. இவரிடம் சொல்லவில்லை, சொன்னால் விட மாட்டார்.

அந்நியர் ஒருவர் நம் வீட்டுக் கணக்கை வரி வரியாகப் படிப்பது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத் தெரிந்தது. ஊர் பார்க்கச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டுகிற மாதிரி இருந்தது. சக்கரபாணி விரலை வைத்து முணுமுணுத்துக் கூட்டினார். "கரி ஏழணா, உப்பு அரையணா, கத்தரிக்காய் ரெண்டணா... மொத்தம் மூணரைன்னு போட்டிருக்கு. ஏழு போட்டா ஒதைக்குது. ஒண்ணு போட்டா... சரி, மூணரை." அடுத்த நாள் கணக்கையும் கூட்டினார். அடுத்ததும் சரியாக வந்தது. இவர் கூட்டல் எப்போதும் தவறாது.

பிறகு பக்கத்தைப் புரட்டினார். "முட்டை தெனம் ஒண்ணே ஒண்ணா? வூட்டுல எத்தினி பேரும்மா?"

"மூணு பேரு. அதுக்கும் விளக்கம் எழுதிக் குடுக்கணுமா?"

என் குரல் எனக்கே கேட்டது. அவர் காது சிவந்துவிட்டது. "இல்லம்மா, தப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லி, இரண்டு பக்கங்களைத் தானே நகல் எடுத்து, நோட்டை என் கையில் கொடுத்தார். தன் கைப்பட ஒரு குறிப்பும் எழுதிச் சேர்த்தார். நன்றி சொல்லத் தோன்றவில்லை. படி இறங்கியதும் தோன்றியது, திரும்பி ஏறவில்லை.

12 ஜூன், புதன்

ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. என் பிள்ளைகளில் ஒருவன் சிலேட்டில் ஒன்றுக்கு மூக்கு வைத்து எழுதியிருந்தான். அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை.

1 ஜூலை, திங்கள்

வந்துவிட்டது. மூன்று மாசத்து அரைச் சம்பளம், நூற்று அறுபத்தைந்து ரூபாய். கூடவே சக்கரபாணி கையால் ஒரு சீட்டு: "இனி அனுப்பும் சீட்டுகளில் தேதியை எழுத்தால் எழுதவும்."

இவரிடம் நோட்டுச் சங்கதியைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்கு மூக்கு வெக்கலன்னா முசியே வாத்தியாரு கைமுட்டியில அடிப்பாரு" என்றார். "அடி வாங்கிக் கத்துக்கிட்டது. அதுவே இப்ப சோத்துல மண்ணப் போட்டுச்சி."

அப்போதுதான் சொன்னேன். "அன்னிக்குப் படுத்துக்கிட்டே தின்றீங்கன்னு சொன்னது தப்பு. பசியில சொல்லிட்டேன்." இரண்டு மாசம் முழுங்கி வைத்திருந்தது, சொல்ல ஒரு நொடிதான் ஆயிற்று. அவர் கையை நீட்டிக் கணக்கு நோட்டைக் கேட்டார்.

7 ஜூலை, ஞாயிறு

நோட்டைப் பிரித்தேன். அவர் கையில், இன்றைய தேதியில்: "முட்டை 2."

வாய் சும்மா இருக்கிறதா? போய்க் கேட்டேன். "கையில நாலு காசு வந்ததும் ரெண்டா? இன்னும் மூணு மாசம் கெடக்கு, எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணுன்னு எழுதினா நீ ஏழுன்னு படிப்ப" என்றார். "ரெண்ட எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவளும் ரெண்டுன்னுதான் படிப்பா. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு மூடி வெச்சிருக்கேன். அஞ்சலை கேட்டா பங்கு குடுக்காத, அவளுக்கு நாளைக்கு. நீ தின்னு."

அடுக்களையில் நின்றுகொண்டே தின்றேன். உப்புத் தொட்டுக்கொள்ள மறந்துவிட்டேன்.