அம்மாவின் பத்து நிமிடம்

மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நடப்பதை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன். போனில் பேசினால் நீங்களும் அம்மாவும் மாறி மாறி அழுகிறீர்கள். பிறகு ஒரு மணி நேரம் அம்மாவுக்குப் படிப்பு ஓடுவதில்லை. அதனால் தேர்வு முடியும்வரை கடிதம்தான் என்ற உங்கள் யோசனை சரியே.

நீங்கள் அனுப்பிய அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டேன். ஐம்பது நிமிடம் படிப்பு, பத்து நிமிடம் ஓய்வு. ஞாயிறு மதியத்துக்குப் பிறகு புத்தகத்தைத் தொடக்கூடாது. இரவு பத்துக்கு விளக்கை அணைக்க வேண்டும். சமையலறை டைமர் என் பொறுப்பு.

அம்மா முதியோர் இல்லத்திலிருந்து மூன்று மணிக்கு வருகிறாள், கையெல்லாம் சோப்பு வாசனையோடு. நேற்று அட்டவணையைப் பார்த்து, "பதினோரு வருஷம் குழந்தைங்களுக்கு வைத்தியம் பார்த்தவளுக்கு, படுத்து எந்திரிக்க ஒரு வாத்தியாரம்மாவா?" என்று சிரித்தாள்.

"இந்த நாட்டுக்காரங்க உன்னை டாக்டர்னு ஒத்துக்கிற வரைக்கும் நான்தான் வாத்தியார்" என்றேன்.

இது மூன்றாவது முறை. நான்காவது முறை எழுத விடமாட்டார்கள். அம்மா தேறினால்தான் உங்களை இங்கே அழைத்துக்கொள்ள முடியும். இரண்டும் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் மேற்பார்வையாளர்


மார்ச் 15

என் செல்லத்துக்கு,

நலம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதுகிறாயே, கொஞ்சம் பெரிதாக எழுதினால் என்ன? கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண்ணாடி தேவைப்படுகிறது.

பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். அவசரம்தான், தெரியும். என்ன செய்ய, தினமும் கடையிலிருந்து வந்ததும் அதைத்தான் பார்க்கிறேன்.

உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியும். நிறுத்தத்தான் தெரியாது. போன முறை கடைசி வாரம் தூங்காமல் படித்து, தெரிந்ததையும் மறந்துவிட்டு வந்தாள் அல்லவா? அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும் யாரையும் கை வைக்க விடாதே.

அன்பு முத்தங்களுடன்,
அப்பா


ஏப்ரல் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

அட்டவணைக்கு ஒன்பது நாள் முன்னதாகவே எல்லாப் பாடங்களையும் அம்மா முடித்துவிட்டாள். ஆனால் மாதிரித் தேர்வில் முதலில் 64, அடுத்து 71, நேற்று 58. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினாள். குழந்தைகளுக்கு வரும் காய்ச்சல் பற்றிய கேள்வியை நான்கு முறை படித்தாள். "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேனேடி இதை" என்றவள், சொல்லவில்லை. புத்தகத்தின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

ஓய்வு நேரத்தில் தரையில், கண்மேல் கையை மடித்துப் போட்டுப் படுக்கிறாள். மணி அடித்ததும், "இப்பத்தானேடி படுத்தேன்?" என்கிறாள்.

"மணி பொய் சொல்லுமா?"

"சொல்லாது, சொல்லாது. வாத்தியாரம்மா கையிலதானே இருக்கு."

பெட்டி இன்னும் கீழேதானே இருக்கிறது?

இப்படிக்கு,
மேற்பார்வையாளர்


மே 18

மகளுக்கு,

உன் அம்மாவின் கடிதம் வந்தது. தேர்வன்று மதிய இடைவேளையில் தூங்கிவிட்டாளாம், இரண்டாம் பகுதி எழுத உள்ளே விடவில்லையாம். இரண்டு வருடம் காத்திருந்தவனுக்கு நான்கு வரி.

நான் வரவேண்டும் என்று மனதில் இருந்திருந்தால், அன்றைக்குக் கண் மூடியிருக்குமா? பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். போன் செய்ய வேண்டாம் என்று அவளிடம் சொல். நீ நன்றாகப் படி.

அப்பா


மே 27

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

சத்தியம் செய்துவிட்டு நான் உண்மையை எழுதவில்லை. பெட்டியை இறக்கிவிட்டதாக நீங்கள் எழுதிய கடிதம் வந்த மறுநாளிலிருந்து, ஓய்வுக்கு டைமரைப் பத்தில் வைக்காமல் ஐந்தில் வைத்தேன். ஒவ்வொரு ஓய்விலும் ஐந்து நிமிடம் எடுத்தால் தினமும் இன்னும் கொஞ்சம் பாடம் முடியும், நீங்கள் சீக்கிரம் வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். ஞாயிறு மதியத்தில் அம்மா புத்தகத்தை எடுத்தபோதும் பார்க்காததுபோல் இருந்தேன். மணி பொய் சொல்லவில்லை அப்பா. நான் சொன்னேன்.

தேர்வு நாளில் இடைவேளை முடிய இருபது நிமிடம் இருந்தது. கீழ்த்தளத்தில் காத்திருந்த என்னிடம் வந்து, நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுச் சாய்ந்தாள்.

"பத்து நிமிஷம்டி. எழுப்பிருவியா?"

"எழுப்பறேம்மா."

அன்று பத்தில்தான் வைத்தேன். அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எனக்குத் தாங்கவில்லை. மணி அடிக்கப் போகும்போது டைமரைப் பிடித்து இன்னும் ஐந்துக்குத் திருப்பினேன். நான் எடுத்ததில் ஓர் ஐந்தையாவது கொடுத்துவிடலாம் என்று. மீதி ஐந்து நிமிடத்தில் மாடி ஏறிவிடலாம் என்று நினைத்தேன். உள்ளே விடும் முன் ஒவ்வொருவராகச் சோதிக்கும் வரிசை இருப்பது எனக்குத் தெரியாது. அம்மாவின் முறை வருவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அம்மா அங்கே யாரிடமும் கெஞ்சவில்லை. "எவ்வளவு நேரம்டி தூங்கினேன்?" என்று மட்டும் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், மார்ச்சிலிருந்து.

பஸ்ஸில் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "அப்பாவுக்கு நான் எழுதிக்கிறேன். நான் தூங்கிட்டேன், அவ்வளவுதான். நீ இதுல இல்ல" என்றாள்.

"உண்மையை எழுதுறதா சத்தியம் பண்ணியிருக்கேம்மா."

"என்மேல கோவிச்சுக்கிட்டா நான் தாங்கிப்பேன்டி. உன்மேல வேணாம்."

உங்கள் கடிதம் வந்ததும் அம்மாவும் படித்தாள். மடித்து அட்டவணைக்குப் பின்னால் செருகினாள். மறுநாள் வழக்கம்போல் முதியோர் இல்லத்துக்குப் போனாள். இப்போது படிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் மாலையில் தரையில் படுக்கிறாள். கண்மேல் கை இல்லை. விழித்தபடியே கிடக்கிறாள். நான் டைமரை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அந்தக் கோபத்தை எனக்கு மாற்றிவிடுங்கள் அப்பா. பெட்டியை இறக்கச் சொல்லவில்லை. அம்மாவின் போனை எடுங்கள், போதும்.

உங்கள் மகள்

பி.கு.: அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். மணி பத்து. இந்த வரியை ஜன்னலில் விழும் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். அட்டவணையில் சொன்னபடியே விளக்கை அணைத்தாயிற்று.