முந்திரி பேஸ்ட்டும் மஞ்சள் கயிறும்

பொற்கொடி அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை மலையிறங்கி வீட்டோடு வந்துவிடப் போகிறீர்களாம், ஜீப்பு ஈஸ்வரன் அண்ணன் சொன்னார். குரங்கணியில் உங்களுக்கு ஆக்கிப்போட்டவளுக்கு அதற்குள் கை வலித்துவிட்டதா? பாவம், நான் இத்தனை வருசம் தாங்கினேன்.

இப்போது போடியில் முந்திரி பேஸ்ட்டு கம்பெனிக்குப் போகிறேன். உடைந்த பருப்பை வறுத்து, வெண்ணெயாக அரைத்து, வெளிநாட்டு ஐஸ்கிரீம் கம்பெனிகளுக்கு டின்னில் அனுப்புகிறோம். நான் அரைத்ததைத் தின்றுவிட்டுக் குறை சொல்லாத ஆம்பளைகளும் உலகத்தில் இருக்கிறார்கள்.

உள்ளே பூ, வளையல், தாலிக்கயிறு எதுவும் ஆகாது. "நூலு ஒண்ணு விழுந்தாலும் மொத்த லோடும் திரும்பி வந்துரும்த்தா, கழட்டிப் பெட்டியில வையிங்க" என்றாள் சூப்பர்வைசர் பாண்டீஸ்வரி. புருசனுக்கு ஆகாதே என்று மற்றவர்கள் அழுதார்கள்.

"எம் புருசன் என்னையவே கழட்டி வச்சுட்டுப் போயிட்டாரு, கயித்துக்கு என்னடி" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். ஆனாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதென்று குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் கழற்றினேன். சாயங்காலம் முதல் ஆளாகப் போய் மாட்டிக்கொள்வேன்.

போன வாரம் ஒருநாள் மறந்து வந்துவிட்டேன். சோறாக்கினேன், சாப்பிட்டேன், அசந்து தூங்கினேன். மறுநாள் பெட்டியைத் திறந்தபோதுதான் நினைப்பே வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் நினைப்பிருந்தும் எடுக்கவில்லை. இன்றுவரைக்கும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்குச் சோலி இருக்கிறது, வீடு பூட்டிக் கிடக்கும். பக்கத்து வீட்டில் சாவி கேட்காதீர்கள். கொடுக்க வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா