நகரக்கூடாத ஸ்கேன் மிஷின்

இன்று காலை உன் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மயக்க டாக்டர், ஸ்கேன் ஜெல்லை நேராக ஒரு குழந்தையின் கக்கத்தில் பிதுக்கினார். குழந்தை சில்லிட்டுத் துள்ளியது. நீயாக இருந்தால் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் சூடேற்றித் தடவியிருப்பாய். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவர்மேல் வரவேண்டிய கோபமே இல்லை அது.

இப்போது நம் ஆபரேஷன் தியேட்டரிலேயே ஸ்கேன் மிஷின் நிற்கிறது, முறையான அனுமதியோடு. வாசலில் போர்டுகூட வைத்திருக்கிறார்கள், குழந்தைகளுக்கு முழு மயக்கம் இல்லாமல் கை ஆபரேஷன் என்று. நீ இதற்காக மனுமேல் மனுவாக எழுதியபோது ஆஸ்பத்திரி முதலாளியான பெரிய டாக்டர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

கல்வராயன் மலையிலிருந்து ஜீப்பில் வந்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். பத்து வயதிருக்கும். கடுக்காய் மரத்திலிருந்து விழுந்து முழங்கை முறிந்து, விரல்கள் வெளுத்துக் கிடந்தன. எலும்பு டாக்டரான எனக்குத் தெரியும், தாமதித்தால் கை போய்விடும்.

"இப்பதாங்க வவுறு முட்ட சாமச்சோறு துன்னுட்டு மரமேறுனா" என்றாள் அம்மா. முழு மயக்கம் கொடுத்தால் அந்தச் சாமைச் சோறு நுரையீரலுக்குள் போய்விடும் என்று பயந்தாய். கையை மட்டும் மரத்துப்போக வைக்கலாம். ஆனால் அத்தனை சின்னக் கையில் குத்துமதிப்பாக ஊசி போட நீ சம்மதிக்கவில்லை. நரம்பைப் பார்த்துத்தான் போடுவேன் என்றாய். மிஷினோ ஸ்கேன் அறையில். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டத்தில் பதிவானது, அந்த அறையை விட்டு நகர்த்தவே கூடாது என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். பெண்ணை அங்கே கொண்டுபோகலாம் என்றாய். ஊசி போடும்போது ஏதாவது ஆனால் மூச்சுக் கருவியெல்லாம் இங்கேதானே இருக்கிறது என்று நான்தான் மறுத்தேன்.

"நீ மிஷினத் தள்ளிகினு வாடா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

தள்ளிக்கொண்டு வந்தாய். திரையில் நரம்பு தெரிந்ததும் அவள் அழுகையை நிறுத்திவிட்டு, "தேனடையாட்டம் கீது" என்றாள்.

"ஆமா, ஒரே ஒரு ஈ கொட்டும்" என்றாய் நீ.

கை பிழைத்தது. அடுத்த வாரம் யாரோ போட்டுக்கொடுத்து, அதிகாரிகள் சோதனைக்கு வந்துவிட்டார்கள். பெரிய டாக்டர் அறையில் நம் இருவரையும் நிற்கவைத்து, மிஷினை நகர்த்தச் சொன்னது யார் என்று கேட்டார்கள். நீ என்னைப் பார்த்தாய்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் வரும்போதே அது தியேட்டர்ல இருந்திச்சி" என்றேன்.

நீ மறுத்துப் பேசவில்லை. அன்றோடு உன்னை வெளியே அனுப்பினார்கள். பிறகு மயக்கம் கொடுக்க ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தாய். அப்படிப் போன ஒரு நாளில் பஸ்ஸிலேயே நெஞ்சு வலி வந்து போய்ச்சேர்ந்தாய். பெரிய டாக்டர் உன் படத்துக்கு மாலை போட்டு, "நம்ம வூட்டுப் புள்ள மாதிரி" என்று பேசினார். கேட்கவே கூசியது. ஆனால் பக்கத்தில் கைகட்டி நின்ற நான் மட்டும் என்ன யோக்கியன்?

விசாரணை நடந்த அன்று பெரிய டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் திட்டப்போகிறாய் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

"பொண்ணு வெரல மடக்கறாளா?" என்று மட்டும் கேட்டாய்.

"மடக்கறா" என்றேன்.

அன்றைக்கு நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அதை வாங்கிக்கொண்டு நீ போய்விட்டாய். மிச்சமெல்லாம் என்னிடம் இருக்கிறது.