நாற்பத்தோரு வாக்கியங்கள்

என் அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது என்னுடைய ஒரே வேண்டுதல். இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்தச் சொல் வரமாட்டேன் என்கிறது. பயந்துவிடாதே, அம்மா தேறிக்கொண்டுதான் இருக்கிறாள். குரல்வளையோடு கட்டியும் போய்விட்டது, இனி கவலையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், நேற்றுத் தையலைப் பார்த்த நர்ஸம்மாவும் அதையேதான் சொன்னாள். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ கூப்பிட்டால் அம்மா என் தோளை ஒட்டி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறாள், அவளை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அம்மா குரலைப் பதிஞ்ச ஃபைலை அனுப்புங்கப்பா என்று நீ ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், நானும் இதோ அனுப்புறேன், அதோ அனுப்புறேன் என்கிறேன். அத்தனையும் பொய். அனுப்புவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

நீ வாங்கி அனுப்பிய புது லேப்டாப் கம்ப்யூட்டர் ஆபரேஷனுக்குப் பத்து நாள் முன்பே வந்து சேர்ந்தது. முந்நூறு வாக்கியம் அம்மா வாசித்தால் போதும், பிறகு அவள் எதை டைப் செய்தாலும் அவள் குரலிலேயே அது பேசும் என்று நீ சொன்னாய். அன்றைக்கே அந்த சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ண உட்கார்ந்தேன். நாலு சதவீதம் ஏறுவதற்கு ஒரு மணி நேரம். முப்பத்தெட்டு வரைக்கும் தவழ்ந்து வரும், பிறகு தானாக அணைந்துவிடும், போட்டால் மறுபடியும் முதலிலிருந்து. நெட் வேகம் பாருங்க என்றாய், பார்த்தேன். டிஸ்க்கில் இடம் இருக்கா என்றாய், கொள்ளை கொள்ளையாக இருந்தது. வைரஸ் காவலைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைங்க என்றாய், அதையும் செய்தேன். நெட் கம்பெனியில் போய்ச் சண்டை போட்டேன், அங்கிருந்த ஆள் எங்க லைன்ல எந்தக் கோளாறும் இல்ல சார் என்று கையை விரித்துவிட்டான். சிக்னல் நன்றாக வரட்டும் என்று ஜன்னலோரம் வெயிலில் கொண்டுபோய் வைத்தேன், அன்றைக்குப் பன்னிரண்டு சதவீதத்தோடு படுத்துவிட்டது. எட்டு நாளும் அதன் முன்னாலேயே தவம் கிடந்தேன், குளிக்கப் போனால்கூடக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பேன்.

அம்மாவுக்குக் குரல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது உனக்குத் தெரியும். அதனால் நான் ஒரு காரியம் செய்தேன் பாப்பா. அவளைப் பேசவே விடவில்லை. வாயைத் திறந்தாலே, பேசாதே, மிச்சம் வை, முந்நூறு வாக்கியம் பாக்கி இருக்கு என்று அடக்கினேன். பக்கத்து வீட்டு அக்கா பார்க்க வந்தபோதுகூட வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே ஏதோ பழைய கதை ஆரம்பித்தாள், நம் கல்யாணத்தன்னிக்கு உங்க சித்தப்பா என்று தொடங்கியதுமே விரலை உதட்டில் வைத்துவிட்டேன். அந்தச் சித்தப்பா என்ன செய்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இப்போது நோட்டில் எழுதிக் காட்டு என்று கேட்டால், அதெல்லாம் சொல்றப்பதான் நல்லா இருக்கும் என்று எழுதுகிறாள்.

ஒன்பதாம் நாள்தான் புத்தி வந்து, கடைவீதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் அம்மாளைக் கூட்டி வந்தேன். அவள் வந்து நின்று பார்த்துவிட்டு, சார், இது ஏன் இன்னும் உறைக்குள்ள இருக்கு என்று கேட்டாள். பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். உறை பிரிக்காத சாமான்தான் எனக்கு நல்ல சாமான். டிவி ரிமோட்டில் இன்னும் கவர் இருப்பதைப் பார்த்து நீ எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாய். கம்ப்யூட்டரையும் அட்டைப்பெட்டியின் நுரை மெத்தையை விட்டு எடுக்காமல், கீழ்ப்பாதிக்கு வந்த வெள்ளை உறையைக் கழற்றாமல், மூடியை மட்டும் திறந்து வைத்திருந்தேன். அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாகத்தான் அதன் சூடு வெளியேற வேண்டுமாம். போகாவிட்டால் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளுமாம், தாங்காமல் போனால் அணைந்துவிடுமாம். ஒரே இழுப்பில் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரை மேஜைமேல் வைத்து விசிறியைத் திருப்பிவிட்டாள். இருபத்தைந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. நீ கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன், உறையைப் பற்றி நீ எப்படிக் கேட்பாய், இப்படி ஒரு அப்பன் இருப்பான் என்று யாருக்குத் தோன்றும்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அன்று மத்தியானமே அம்மா மைக்கை வைத்துக்கொண்டு வாசிக்க உட்கார்ந்தாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு. மழை நின்றதும் கடையைத் திறந்தார்கள். இந்தச் சாலையில் மூன்று பள்ளிகள் உள்ளன. அவர் நாளை ரயிலில் வருகிறார். எல்லாம் இப்படி ஊர் பேர் தெரியாத வாக்கியங்கள். நாற்பத்தொன்று வாசித்தாள். நாற்பத்திரண்டாவதில் காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றாள், மறுபடியும் காற்று. பதிவு போதவில்லை என்று கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பச் சொன்னது. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். அந்த நாற்பத்தொன்றையும் உனக்கு அனுப்பலாம் என்று கேட்டுப் பார்த்தேன், அத்தனையும் கரகரப்பு, நம் வீட்டு அம்மா அதில் இல்லை. உன்னைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு வார்த்தைகூட அதில் கிடையாது. எட்டு நாள் அவளைப் பேசவிட்டிருந்தால் எட்டு நாள் பேச்சாவது எனக்குக் கிடைத்திருக்கும். அதையும் கெடுத்தேன், இதையும் கெடுத்தேன்.

வீட்டில் தேடிப் பார்த்துவிட்டேன். கல்யாண வீடியோவில் மேளச் சத்தம்தான். என் போனில் ஒன்றும் இல்லை, ஒரே வீட்டில் இருப்பவர்கள் எதற்குப் பதிந்து வைப்போம். ஆனால் நீ வேலையில் இருக்கும்போது போனை எடுக்காவிட்டால் அம்மா உனக்கு மெசேஜில் பேசி வைப்பாள் அல்லவா, சாப்பிட்டியா, ஏண்டி எடுக்கல, சரி வேலையைப் பாரு என்று. போன வருஷம் வந்திருந்தபோது, எப்பவும் அதே பாட்டுதாம்பா, கேக்காமயே அழிச்சிடுவேன் என்று சிரித்தாய். நானும் கூடச் சேர்ந்துதான் சிரித்தேன், உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நீங்கள் இரண்டு பேரும் தீர்க்காயுசாக, மனம் நிறைந்து வாழ வேண்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. உன் போனைப் பொறுமையாகத் தேடிப் பார், ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும், உடனே அனுப்பு. ஒன்றுமே இல்லையென்றால், இல்லை என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதே. நீ இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாய் என்றே நான் நினைத்துக்கொள்கிறேன்.

உன் வாழ்வையே வேண்டி நிற்கும்,
அப்பா