உன் கழுத்துக்கு வெட்டிய பேட்டர்ன்

டம்மியின் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை இன்று காலை உருவினேன். தைல வாசம் வந்தது. அந்தத் துணிப் பொம்மையின் கழுத்தைச் சுற்றி நீ பஞ்சு வைத்துக் கட்டிய நாட்களில் உன் விரல்களிலிருந்து ஏறிய வாசம். என் மேஜையிலும் இப்போது ஒரு தைலக் குப்பி இருக்கிறது, ஆனால் அது வேறு வாசம். நாம் இருவரும் சேர்ந்து தொழில் நடத்திய இந்த ராயபுரத்து மாடியறையில் நீ எனக்குப் பின்னால் நிற்பதாகத் தோன்றித் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

தாராபுரத்துக்காரர் இன்று வருவதாக இருந்தது. நமக்கு முதலில் வேலை கொடுத்தவர், இன்றைக்கும் நம் வாடகையைக் கட்டுவது அவர் தரும் வேலைதான். நேற்று போனில் அவர் குரல் சரியில்லை. "நேர்ல வாரனுங்க, பேசிக்கலாமுங்க" என்றார். ஒரு கம்பெனிக்காரர் பேசிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று இந்தப் பனியன் ஊரில் யாரும் சொல்லித் தர வேண்டாம். இரண்டு தெரு தள்ளி, துணி வெட்டுவதற்கான அட்டை மாதிரியை, அந்தப் பேட்டர்னை, கம்ப்யூட்டரிலேயே போட்டுத் தரும் ஆபீஸ் ஒன்று திறந்திருக்கிறார்கள். இவரும் அங்கே போய்விட்டால், நான் இந்த அறையைக் காலி செய்துவிட்டு எங்காவது வேலை கேட்டு நிற்க வேண்டியதுதான்.

அவர் முதன்முதலில் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். பெண்கள் டீ-சர்ட்டில் கழுத்து சரியில்லை என்று, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் திருப்பி அனுப்பியிருந்தார். இவர் அதை மேஜைமேல் விரித்து, டேப்பை வைத்து, "அளவெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது" என்று நம்மிடம் சண்டைக்கு நின்றார். நான் என் பங்குக்கு அளவுகளை வைத்து விளக்கத் தொடங்கினேன். நீ உள்ளே போய் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். கையைத் தூக்கினாய், குனிந்தாய், பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாய். உட்கார்ந்ததும் முன்கழுத்து மேலேறி உன் தொண்டையைப் பிடித்தது.

"ஏனுங்க, இத மேஜையா போட்டுக்கப் போவுது?" என்று கேட்டாய். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். வேலை அன்றைக்கே நம் கைக்கு வந்துவிட்டது.

நீ உன் உடம்பை வைத்தே பேட்டர்ன் வெட்டினாய். வெட்டும் மேஜைமேல் குனிந்து குனிந்து உன் கழுத்து கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. அதற்கேற்ப முன்கழுத்தை இறக்கி, பின்கழுத்தை ஏற்றினாய். "வேலைக்குப் போற பொம்பளைங்க ஆரு புள்ள நிமிந்து நிக்கறாங்க?" என்றாய். எந்தத் தேசத்திலோ அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு அது உறுத்தவில்லை. பையர்கள் அதே கழுத்தைத் திரும்பக் கேட்டார்கள். ஒரு கம்பெனிக்காரர் சொல்லி அடுத்தவர் படியேறி வந்தார். நான்தான் வாசலில் விளக்குப் போட்ட போர்டு வைக்கலாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நானே சாம்பிளைப் போட்டுப் பார்த்தேன். முன்னால் தொங்கி, பின்னால் விறைத்து நின்றது. "உனக்குக் கொக்குக் கழுத்து. நீ போட்டுக் காட்டுனா வந்த பார்ட்டியும் ஓடிப்போயிருவாரு" என்று சொல்லி, சிரித்துச் சிரித்து இருமினாய். அதன் பிறகு நான் போட்டுப் பார்த்ததில்லை.

பேட்டர்ன் கொடுத்த சில நாளில் கம்பெனிக்குப் போவாய். முதலாளியின் அறைக்கு அல்ல, தையல் மிஷின்களுக்கு நடுவே. "எங்கயாச்சும் இழுக்குதுங்களா?" என்று ஒவ்வொரு டெய்லரிடமும் கேட்பாய். "முதலாளி நல்லாருக்குன்னு சொல்லிப்போட்டு அடுத்த வாட்டி வேற எடத்துக்குப் போயிருவாரு. டெய்லரு மூஞ்சி பொய் சொல்லாது" என்பாய். அதை நான் விடவில்லை, இன்றும் போய்க் கேட்கிறேன். போட்டுக் காட்டுவது மட்டும் உன்னோடு போய்விட்டது.

உடம்பு இளைக்கத் தொடங்கியபோதுதான் நீ டம்மிக்குப் பஞ்சு வைக்க ஆரம்பித்தாய். உன் பழைய அளவு வரும்வரை தோளிலும் கழுத்திலும் வைத்து வைத்துத் தைத்தாய். "நான் வராத அன்னிக்கு இவ வருவா" என்றாய். எனக்கு வந்த கோபத்தில், "இப்படியே பேசுனா நான் எங்க ஊரு தென்காசிக்கே திரும்பிப் போயிருவேன், பாத்துக்க" என்று கத்தினேன். நீ ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக உன் தோளை நீயே தடவிப் பார்த்துவிட்டு, "அளவு மாறிப்போச்சு புள்ள. பேட்டர்ன மாத்திராத" என்றாய்.

மாற்றவில்லை. ஆனால் ஃபேன் சுற்றும்போது டம்மியின் மேல் கிடக்கும் சட்டையின் கை லேசாக அசையும். எனக்குப் பயமாக இருக்கும். உன்னிடம் எனக்கென்ன பயம் என்று என்னையே திட்டிக்கொள்வேன். ஆனாலும் வேலை முடிந்ததும் துணி போட்டு மூடிவிடுவேன், அதற்கு முதுகைக் காட்டி உட்காரவே மாட்டேன்.

தாராபுரத்துக்காரர் வந்தார். டம்மிமேல் இருந்த புதுச் சாம்பிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பொம்மை மேல போட்டா எல்லாம் நல்லாத்தானுங்க இருக்கும். அந்த அம்மிணி இருந்திருந்தா போட்டுக் காட்டியிருக்கும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "தப்பா நெனைக்காதீங்க. கம்ப்யூட்டர்லயே போட்டுக்கலாம்னு பசங்க சொல்றானுங்க" என்றார்.

நான் சாம்பிளைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனேன். அது தொங்கும், விறைக்கும், அவர் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். போவதானால் ஆள்மேல் பார்த்துவிட்டே போகட்டும் என்றிருந்தது. வெளியே வந்தேன். கையைத் தூக்கினேன், குனிந்தேன், நாற்காலியில் உட்கார்ந்தேன். கழுத்து ஏறும் என்று காத்திருந்தேன். ஏறவில்லை. முன்னால் தொங்கவில்லை, பின்னால் விறைக்கவும் இல்லை. சட்டை உனக்கு உட்கார்ந்ததுபோலவே எனக்கும் உட்கார்ந்திருந்தது.

அவர் எழுந்து நின்றுவிட்டார். "அம்மிணியே வந்து உக்காந்தாப்டி இருக்குதுங்க" என்றார் மெதுவாக. படியிறங்கும்போது, "வேலைய நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். நீ போனதிலிருந்து உன் மேஜையில், உன் நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து குனிந்து, என் கொக்குக் கழுத்து எப்போதோ போய்விட்டிருக்கிறது. கண்ணாடியில் இருந்தது உன் கழுத்து. உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. பிறகு அழுதேன், சந்தோஷத்திலும் பயத்திலும். டம்மியை மூடவில்லை. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாயங்காலம்வரை வேலை பார்த்தேன்.

கழுத்துவலிக்குப் போன மாதம் டாக்டரிடம் போயிருந்தேன். கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது, பயிற்சி செய்தால் நிமிர்ந்துவிடும் என்று செய்து காட்டினார். அது உன் கழுத்து என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. தினமும் தவறாமல் செய்துவந்தேன். இன்றும் அதற்காக உட்கார்ந்தேன். கழுத்தை நிமிர்த்தப் போனவள் நிறுத்திவிட்டு, தைலத்தை மட்டும் தேய்த்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.