கார்த்தின் பத்து நிமிஷம்

வின்னிபெக், மார்ச் 4, 2000

லினக்ஸ் சங்கக் கூட்டத்தில் இன்று என் பள்ளியில் படிக்கும் கார்த்துக்குக் கைதட்டல். அவன் வீட்டில் கேபிள் இணையம் வந்துவிட்டதாம், விண்டோஸே இல்லாமல் லினக்ஸிலேயே ஓடுகிறதாம். "பத்தே நிமிஷம்" என்று தோளைக் குலுக்கினான். சங்கத்தின் இணையதளத்தை இனி யாராவது ஒருவர் வீட்டுக் கணினியில் வைக்கப்போகிறார்கள். யார் என்று அடுத்த சனிக்கிழமை முடிவு. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவனுக்கு லினக்ஸ் போட்டுக்கொடுத்ததே நான்! எரியுது. அப்படியே வயிறு எரியுது.

மார்ச் 6

அப்பாவை நச்சரித்து நமக்கும் கேபிள் வாங்கியாச்சு. மோடம் மாட்ட வந்தவர் என் கணினித் திரையைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார். "விண்டோஸ் இல்லாத பெட்டிய நான் தொடக்கூடாதும்மா." அண்ணன் தாரஸின் விண்டோஸ் கணினியில் மாட்டி, ஓடுவதைக் காட்டிவிட்டுப் போனார். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் கம்பியைப் பிடுங்கி என் கணினியில் செருகினேன்.

மோடத்தில் விளக்கெல்லாம் எரிகிறது. என் கணினி இணைய முகவரி கேட்டால் மட்டும் பதிலே இல்லை.

மார்ச் 7

வரல.

மார்ச் 8

லினக்ஸின் உள்மையமான கெர்னலையே புதிதாகக் கம்பைல் செய்தேன். அப்போதும் பதில் இல்லை.

"கார்த்தக் கேளேன்டீ, ஒரு ஃபோன்தான" என்கிறான் தாரஸ். செத்தாலும் கேக்க மாட்டேன். அவனுக்கு மட்டும் எப்படி வந்துச்சு? இன்று பள்ளியில், "கேபிள் வந்துடுச்சாமே?" என்றான். செட் பண்ணிட்டிருக்கேன் என்றேன். "இன்னுமா?"

அந்த இன்னுமா!

மார்ச் 10

"என் கேம் பாதியில நிக்குது, கம்பியக் குடுடீ!" என்று தாரஸ் கத்தினான். கொடுத்தேன். செருகியதும் அவனுக்கு வந்துவிட்டது.

இரு, இரு — இந்த மோடத்துக்கு அவனோட நெட்வொர்க் கார்டை மட்டுந்தான் தெரியுமோ? முதல்ல பார்த்த கார்டின் எண்ணைப் பிடிச்சுக்கிட்டு, என்னோடதை யாரோன்னு தள்ளுதோ?

அவன் ஹாக்கி ஆடக் கிளம்பியதும் அவன் பெட்டியைத் திறந்து, கார்டைக் கழற்றி, என்னுடையதில் போட்டேன்.

வந்துடுச்சு! வந்துடுச்சு! வந்துடுச்சு!

சங்கத்தின் இணைய அரட்டையில் உடனே சொல்லிவிட்டேன். தாரஸ் திரும்பி வந்து, "என் கம்ப்யூட்டர் குடல உருவிட்டியேடீ, பாவி!" பீட்சா வாங்கித் தருவதாகச் சமாதானம்.

மார்ச் 11

கூட்டத்துக்குக் கிளம்பும்போது கார்த்திடமிருந்து போன்.

"லெஸ்யா... நெஜமாவே லினக்ஸ்ல வந்துடுச்சா?"

"ம்."

"எனக்கு வரவே இல்ல. தங்கச்சியோட விண்டோஸ்லதான் ஓடுது. யார்கிட்டயும் சொல்லிடாத." பிறகு கேட்டான்: "உனக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?"

"பத்தே நிமிஷம்."

"ஓ" என்று போனை வைத்துவிட்டான். எனக்குத் தெரியாத அவஸ்தையா அது? வாரம் முழுக்க அதுக்குள்ளதானே கிடந்தேன்.

போகிற வழியில் அவன் வீட்டுக்குப் போய்விட்டுப் போகிறேன். கோட்டுப் பையில் ஸ்க்ரூடிரைவர்.