தொட்டியில் விட்ட ஆமை

கும்மிடிப்பூண்டி
14-3-1972

அம்மாவுக்குப் பராசரன் தெண்டன் சமர்ப்பித்து எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? தைலம் தேய்த்துக்கொள்கிறாயா?

கம்பெனிக் கட்டடத்துக்காக இங்கே முள்ளுக்காட்டை வெட்டுகிறார்கள். ஸ்டோரில் கத்தி, கடப்பாரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. போன வாரம் சாலமோன் என்கிற வேலையாள் புதரிலிருந்து ஓர் ஆமையைக் கொண்டுவந்தான். கறுப்பு ஓட்டில் மஞ்சள் நட்சத்திரங்கள். கூர்மாவதாரமே வந்துவிட்டதாக நினைத்து, துளசி போட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விட்டேன். அது நீந்தவில்லை. அடியில் கிடந்து சுவரைப் பிராண்டியது.

"இன்னா சாமி, ஆமை போயி முயுகுது?" என்றான் சாலமோன்.

வெளியே எடுத்துப் பார்த்தால், கால்கள் யானைக்கு இருப்பதுபோல் தூண் தூணாக இருந்தன. தரையில் வாழ்கிற ஜாதி போலிருக்கிறது. பயப்படாதே, அறைக்குள் விடவில்லை. வாசலில் வைத்துத் தயிர்சாதம் போட்டேன், தலையைக்கூட நீட்டவில்லை. மறுநாள் வேலிக்கு அப்பால் வெட்டாத காட்டில் கொண்டுபோய் விட்டேன். கள்ளிப் புதரடியில் உடனே புல் மேய ஆரம்பித்துவிட்டது.

எனக்கும் ஓட்டல் சாதம் இறங்குவதில்லை. குறுங்குடியிலிருந்து யாராவது பட்டணம் வந்தால் நாரத்தங்காய் கொடுத்தனுப்பு. அக்காவை எழுதச் சொல்லாமல் நீயே இரண்டு வரி எழுது.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள், நிறுத்துகிறேன். வேலிக்கு அப்பால் இருக்கிற காட்டையும் திங்கட்கிழமை வெட்டுகிறார்களாம். கத்திகளைச் சாணை பிடித்து வைக்கச் சொன்னார்கள். வைத்துவிட்டேன்.

அடியேன்,
பராசரன்